மரியாதைக்குரிய இருக்கை

புது வண்டி வாங்கினால் பூசை போட வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. பன்றித் தலை வைத்து, அதன் வாயில் நோட்டைச் செருகி, நான்கு சக்கரத்திலும் அரிசிக் கள் ஊற்றுவதுதான் கொரியாவில், எங்கள் பூசானில் வழக்கம். இன்ஸ்பெக்டர் வீட்டிலும் செய்திருப்பீர்கள்.

எனக்குப் பிடிக்காமல் போனது பியோ வாங்கிய வண்டிதான். எண்பத்தாறில் கிராண்டியர் கார் முதலில் வந்தபோது பெட்டி மாதிரி இருந்தது. எங்கள் ஷூ ஆலையின் சேர்மன் மெங் ஒன்று வாங்கினார். முன்சக்கரம் இழுக்கிற வண்டி பெரிய மனிதருக்கு அழகா என்று சிலர் நையாண்டி செய்தார்கள். பின்சீட்டில் காலை நீட்டி உட்காரும் சுகம் அவர்களுக்கு எங்கே தெரியும்? அந்தக் கறுப்பு வண்டி வாசலுக்கு வந்தால் ஆலையே எழுந்து நிற்கும். நான் டைரக்டரானபோது இரண்டாவது மாடல் எனக்குக் கிடைத்தது. இருபது வருடம் குனிந்து குனிந்து வாங்கிய வண்டி. மூன்றாவது மாடலை, தானே ஓட்டிக்கொள்கிறவர்களுக்கென்று தொண்ணூற்றெட்டில் விட்டார்கள். அடுத்த வருடமே, எனக்குக் கீழே வேலை பார்த்த பியோ அதை வாங்கி என் வண்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்தினான். அதுவும் கறுப்பு. மேலதிகாரியின் வண்டிக்கு ஒரு படி கீழேதான் வாங்க வேண்டும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. சோறு தின்கிற எவனுக்கும் தெரியும்.

பூசைக்குச் சேர்மனும் வந்தார். பண நெருக்கடியில் டிரைவரை நிறுத்திவிட்டதால் டாக்சியில் வந்தார்.

"என்னப்பா தாக், இனிமே யாரு டைரக்டர்னு வாட்ச்மேன் குழம்பிப் போவான்போல," என்றார் என்னிடம். எல்லோரும் சிரித்தார்கள்.

"டைரக்டர் சார், நீங்கதான் மொதல்ல கும்பிடணும். பெரியவங்க கும்பிட்டாத்தான் வண்டிக்கு நல்லது," என்றான் பியோ.

நெற்றி தரையில் பட, எனக்குக் கீழே வேலை பார்க்கிறவனின் வண்டியை விழுந்து கும்பிட்டேன். எனக்கு வந்தது பொறாமை இல்லை. அவமானம்.

எல்லோரும் பன்றிக்கறி சாப்பிட உள்ளே போனதும், வலது முன்சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்தினேன். அந்த வண்டியில் இழுப்பதும் திரும்புவதும் முன்சக்கரந்தானே. ஆலைச் சாலை நேராக மலை இறங்குகிறது. பியோவைக் குறிவைத்துத்தான் செய்தேன். ஒளிக்கவில்லை, வருந்தவும் இல்லை.

சாப்பிட்டு வந்த சேர்மன், "டாக்சி எதுக்கு? பியோ, என்னைய வீட்டுல விட்டுரு," என்றார்.

நான் வாயைத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். சேர்மன் முடிவெடுத்த பிறகு குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. பியோ அவருக்குப் பின்கதவைத் திறந்தான். அரைகுறை. டிரைவர் ஓட்டினால்தான் பெரியவருக்குப் பின்சீட்டு. சொந்தக்காரனே ஓட்டினால், அவனுக்குப் பக்கத்தில் முன்சீட்டு.

"வண்டி வாங்கினா போதாது, மொதல்ல மரியாதையக் கத்துக்கோ," என்று சொல்லி, அந்தக் கதவைச் சாத்தி முன்கதவைத் திறந்துவிட்டேன். சேர்மனின் தலை இடிக்காமல் மேலே கை வைத்துக்கொண்டேன்.

"தாக்கைப் பாத்துக் கத்துக்கோடா," என்றார் அவர் பியோவிடம்.

பின்சீட்டில் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று உங்கள் ஆள் சொன்னார். இருக்கலாம். இரண்டு பேரையும் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். சேர்மனுக்கு மரியாதைக் குறைவாக நடந்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். வண்டி வளைவில் மறையும்வரை நான் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.