ஆயில் லைட்டு எரியுதாம்

அட குந்து வினோத்து, இன்னா அவசரம். செகப்பு லைட்டு எரியச் சொல்லவே திருப்புலிவனத்துலேர்ந்து ஓட்டினு வந்தவன்தான நீ? இப்ப மட்டும் காலு தரிக்கலியா? ரேஸ் காரு வாங்கத் தெரிது, ஆயில் லைட்டு எரிஞ்சா வண்டிய நிறுத்தணும்னு தெரில. நம்ம ரோட்ல இத எப்பிடித்தான் ஓட்றியோ, ஒவ்வொரு வேகத்தடைலயும் வயித்த தேச்சினு.

இன்னாது? அது இல்ல நைனா. யூடியூப்ல பாத்துட்டு நீ வெரல் காட்றியே, அது இஞ்சின் சூடு பாக்கறது. ஆயில் பிரஷர் சென்சாரு இங்க கீது பாரு, ஃபில்டர் பக்கத்துல, கீய. மொதல்ல ஆயில் அளவு பாத்தேன், சரியா கீது. அப்பால சென்சார கயட்டிட்டு அந்த ஓட்டைல நம்ம மீட்டர மாட்டி ஸ்டார்ட் பண்ணேன். முள்ளு சோக்கா ஏறிச்சி. இஞ்சினுக்கு ஒண்ணியும் இல்ல. இந்த சென்சாருதான் பொய் சொல்லினு கீது.

ஏனா? இத மோந்து பாரு. சந்தனம். ஆயுத பூஜைக்கு டயருக்கு அடில எலுமிச்சம்பயம் நசுக்கினோமா, போனோமான்னு இல்ல. பேனட்ட தொறந்து இஞ்சினுக்கே சந்தனம் பூசி, சொம்பு சொம்பா மஞ்சத்தண்ணி ஊத்திக்கீறீங்க. உங்கப்பா கன்னியப்பன் டிராக்டருக்கு அப்டித்தான் ஊத்துவாரு, அது தாங்கும். இது தாங்குமா? சென்சார்ல வயரு மாட்ற பின்னு அல்லாம் பச்ச பூத்து கெடக்குது. நல்ல வேளை, புது சென்சார நீயே ஆன்லைன்ல வாங்கினு வந்துட்ட.

எடு போன. அடிச்சினே கீது இல்ல. யாரு, மெட்ராஸ்லேர்ந்து பிளாட்டு பாக்கற பார்ட்டியா? வந்து நிக்கட்டும். உன் கேட்டையும் நல்லா பாக்கட்டும். எங்க தெருவு ஜனம் கல்லறைக்குப் போற பாட்டைய அடச்சி இன்னா அயகா கேட்டு போட்டுக்கீற. போன மாசம் நாங்க வந்து கேட்டப்ப இன்னா சொன்ன? பிளாட்டு விக்கிற எடத்துல பொணத்த தூக்கினு போனா எவன்டா வாங்குவான்னு சொன்ன. அப்ப நீ அல்லாத்தையும் வித்து முடிக்கிற வரிக்கும் எங்காளுங்க சாவாம இருக்கணும். நல்ல ஏற்பாடு நைனா. நீ ஒரு தேதி சொல்லிட்டின்னா தெருவுல தண்டோரா போட்டுருவோம்.

மூஞ்சிய ஏன் அப்டி வெச்சிக்கீற? தமாஷுக்கு சொன்னேன். டீ குடிக்கிறியா? வாணாமா? நம்ம கடை டீ எப்ப நீ குடிச்ச.

இன்னா கேக்கற, ஷட்டர் ஏன் பாதி எறக்கி கீதுன்னா? இன்னிக்கு கடை லீவு. உள்ள இருந்த கடப்பாரைய எடுத்துனு போவத்தான் வந்தேன், உன் கேட்டு பூட்ட ஒடைக்க. அதுக்குள்ள நீ வந்து ஹாரன் அடிச்சி, டேய் சாம்சா, வாடான்னு சாவிக்கொத்த என் கைல வீசின. அப்பன் வயசுக்காரன் நானு, போவட்டும். கொத்துல கேட்டு சாவியும் இருந்துச்சி. நீ போன் பேசினு அந்தாண்ட போவச் சொல்ல அந்த ஒரு சாவிய மட்டும் உருவி, என் பொண்டாட்டி கீதா கைல குடுத்து அனுப்பிட்டேன்.

வண்டி அப்பவே ரெடி, லைட்டு எரியாது. எயுந்திருக்காத, கார் சாவி என் ஜோபில கீது.

எங்கம்மா மார்த்தாளு விடிகாலைல செத்துடுச்சி. உங்க கயனில நாத்து நட்டுச்சே, அதுதான். பொட்டி இந்நேரம் உன் கேட்ட தாண்டி கல்லறைக்குப் போயிருக்கும். நான் அங்க போயிருந்தா நீ இங்க இருந்திருக்க மாட்ட, கேட்டாண்ட ஆளுங்கள கூட்டினு நின்னிருப்ப. பெரிய புள்ள நான், மொதப் புடி மண்ணு நான் போடணும். வயிறு எரியுது வினோத்து. எனக்குப் பதிலா என் தம்பி பீட்டரு போட்றான். குயிய மூடிட்டோம்னு அவன் போன் பண்ணதும் நீ போலாம்.