குப்பையைக் குறைக்கும் பெட்டி

— பெட்டி இல்லைங்கறதை எங்கடா எழுதுவ, மக்கு?

— எதுக்குக்கா எழுதணும்? என் பட்டறைக் குடையைப் பார்த்தாலே தெரியுதே. பெட்டி இல்லை, பிளாஸ்டிக் உறை இல்லை. கடையில கொக்கியில மாட்டினா முடிஞ்சுது. பூக்கடைக்கு விளம்பரம் எதுக்கு?

— குடைக்கடைக்கு வேணும்டா. தெரியறது வேற, தெரியப்படுத்தறது வேற. பசுமை விளம்பரம் கத்துக் குடுன்னு நாலு கம்பெனிக்காரங்க எங்கிட்ட சும்மாவா வந்து நிக்கறாங்க? கெட்டி அட்டையில ஒரு பெட்டி. மூடி மேல பச்சை எழுத்துல, 'குப்பையைக் குறைப்போம்.'

— அதைச் சொல்றதுக்கு ஒரு குப்பையா?

— குப்பைங்காத, ஊடகம்னு சொல்லு. உள்ள குடை, அதுக்கு மெத்தையா காகிதச் சுருள், ஒரு நன்றி அட்டை, ஒரு விதைப் பொட்டலம்.

— மழைக்குக் குடை வாங்கறவன் தோட்டமாக்கா போடப் போறான்?

— போடமாட்டான். போடலாமேன்னு நினைப்பான் பாரு, அதைத்தான் நாம விக்கறோம்.

— நினைப்புதான் பொழப்பைக் கெடுக்கும்பாங்க.

— எங்க தொழில்ல நினைப்புதான்டா பொழப்பே.

— அதான் உன் மேசைச் செடியும் அந்த லட்சணத்துல இருக்கா? தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக்.

— அதுக்குத் தண்ணியே ஊத்த வேண்டாம், எவ்வளவு சிக்கனம்! வம்பு போதும். ஊரெல்லாம் கிளை வெச்சிருக்காரே, அந்தப் பெரிய கடைக்காரர் இப்பப் போன் பண்ணுவார். மாதிரிப் பெட்டியும் உன் குடையும் காலையிலேயே அனுப்பிட்டேன். குடையில என்ன விசேஷம், சட்டுனு சொல்லு.

— ஒரு கம்பி ஒடைஞ்சா அந்தக் கம்பியை மட்டும் மாத்திக்கலாம். துணி கிழிஞ்சா துணியை மட்டும். பத்து வருஷம் உழைக்கும்.

— ஐயையோ, அதை மட்டும் வெளிய சொல்லிடாத!

— ஏன்?

— பத்து வருஷத்துக்கு ஒருக்கா ஆள் வந்தா, நடுவுல அவர் கடையில உக்காந்து ஈ ஓட்டறதா?

— விளையாடாதக்கா. இந்த ஆர்டர் வரலைன்னா பட்டறையை இழுத்து மூடணும். சாயங்காலம் பதில் சொல்றேன்னு தைக்கறவங்ககிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்.

— கூடப் பொறந்தவனை விட்டுடுவேனாடா? இரு இரு, அவர்தான்... வணக்கம் சார்! பார்த்தீங்களா? ...ஆமா சார், மறுசுழற்சி அட்டைதான்... முளைக்கும் சார். முளைக்காட்டி மட்டும் யார் வந்து கேக்கப் போறா? ...எல்லாக் கிளைக்குமா! ...ஓ. ...அப்படியா. ...சரி சார், ரொம்ப சந்தோஷம்.

— கிடைச்சிருச்சா?

— கிடைச்சிருச்சு.

— அக்கா! உன் வாய்க்குச் சக்கரைதான் போடணும்!

— முதல்ல உக்காரு.

— எதுக்கு?

— பெட்டி அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சாம்.

— குடை?

— குடைக்கு வேற ஆள் இருக்காம். சல்லிசா கப்பல்ல வருதாம். ஒரு காத்துக்குத் தாங்குமாம். நம்ம பெட்டிக்குள்ள வெச்சுட்டா யாருக்குத் தெரியும்கறார்.

— நம்ம பெட்டியா? எனக்குன்னு ஏணியைச் சாத்திட்டு நீ ஏறிப் போயிட்டியேக்கா!

— திட்டுடா, வாங்கிக்கறேன். மாட்டேன்னு சொன்னா பெட்டியும் போயிருக்கும், அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்துல்ல நனையணும்... டேய், ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கற? அழறியா?

— யோசிக்கறேன். ஒரு காத்துக்குத்தான் தாங்கும்னு அவரே சொன்னாரா?

— அவரேதான். ஒடைஞ்ச குடையைத் தூக்கிட்டு ஜனங்க சண்டைக்கு வந்தா என்ன பண்றதுன்னு அவருக்குக் கொஞ்சம் உதறலும் இருக்கு.

— அப்போ ஒவ்வொரு கிளை வாசல்லயும் ஒரு ரிப்பேர் மேசை போடச் சொல்லு. 'தூக்கி எறியாதீர்கள், சரிசெய்து தருகிறோம்.' பச்சை எழுத்துல. என் ஆளுங்க உக்காருவாங்க.

— அடப்பாவி! இத்தனை வருஷம் வகுப்பு எடுத்திருக்கேன், எனக்குத் தோணலையேடா! இரு, சூட்டோட சூடா போனைப் போடறேன். வேற ஏதாவது சொல்லணுமா?

— ஒண்ணே ஒண்ணு. அந்தக் கப்பல் குடையில கம்பி இன்னும் கொஞ்சம் மெலிசா இருந்தா தேவலைன்னு சொல்லு.