காது பிரிஞ்ச யானை

— இருங்க அண்ணி, அந்த யானை பொம்மையை இன்னொரு தடவை குடுங்க. காது எங்கயோ பார்த்த துணியா இருக்கே.

— உங்க அண்ணன் சட்டைதான்.

— அவன் உசுரா வச்சிருந்த கோடு போட்ட சட்டையா? அதுலயா கத்திரியை வச்சீங்க?

— வயித்துகிட்ட பட்டன் பூட்ட வரல அவருக்கு. பீரோவுல சும்மா தூங்கறதுக்கு யானைக்காவது ஆகட்டுமேன்னுதான்.

— தும்பிக்கை சாக்ஸா?

— நம்ம குட்டிப் பொண்ணோட பழைய சாக்ஸ். உள்ள பனியனைப் பொடிசா நறுக்கித் திணிச்சிருக்கேன். பஞ்சு வச்சா துவைச்சதும் கட்டி தட்டிடும்.

— நானும் இத்தனை வருஷமா கடையில மெஷின் மிதிக்கிறேன். டெய்லரக்கான்னு ஊரே கூப்பிடுது. ஒரு நாளாவது இந்தப் புத்தி எனக்கு ஓடுச்சா? இது என்ன, அட்டைப் பெட்டியில நூல் தொங்குது?

— லிப்ட்டும்மா. நம்ம கட்டடத்துல கிடையாதே. ஸ்கூல் விட்டு மூணு மாடி ஏறி வர்றதுக்குள்ள மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா. அந்த நூல் கட்டையைச் சுத்து, மேல போகும்.

— அட, போகுது. கதவு வேற திறக்குது. உள்ள நிக்கறது யாரு, துணி மாட்டற கிளிப்பா? அதுக்குக் கவுன் வேற. அண்ணி, உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும். எங்க அண்ணன் ஒரு ஆணி அடிக்கணும்னாலே பக்கத்து வீட்டுக்காரரைத் தேடற ஆளு.

— காப்பு கிடக்கட்டும். யாருக்குச் செஞ்சேனோ அவளுக்குப் பிடிக்கணுமே.

— இன்னும் பேச்சு வார்த்தை இல்லையா?

— ‘ம்’, ‘வேணாம்’, ‘போதும்’. இதுதான் அவ பேச்சு. நான் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப் போகுது. அவ அம்மா செத்துப் போனதுக்கு நான் என்ன பண்ணுவேன், சொல்லு. சரி, வாயால ஆகாதது கையாலயாவது ஆகட்டும்னு பொம்மை செய்ய ஆரம்பிச்சேன். ராத்திரி கட்டிப் பிடிச்சுட்டுத்தான் தூங்கறா. விடிஞ்சா யானை தனியா, காது தனியா.

— பிச்சுடறாளா?

— ஒண்ணு விடாம. ரெண்டையும் எடுத்துட்டு வந்து என் மடியில போடுவா. நான் தைச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பா, போலீஸ்காரி மாதிரி. வாயே திறக்க மாட்டா. மறுநாள் பார்த்தா வால் தனியா கிடக்கும்.

— சின்னப் புள்ள, அண்ணி. விளையாட்டுல பிஞ்சிருக்கும்.

— விளையாட்டுல பிஞ்சா எனக்குத் தெரியாதா? நான் போட்ட தையலை ஒவ்வொண்ணா பிரிச்சு என் கையிலயே திருப்பிக் குடுக்கறா. நீ எனக்கு வேணாம்னு ஒரு புள்ள இதுக்கு மேல எப்படிம்மா சொல்லும்? அதான் உன்னை வரச் சொன்னேன். உன் வீட்டுல உன்கிட்ட இருந்தா நாலு வார்த்தை பேசுவா, சிரிப்பா. என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து அது ஏன் வதங்கணும்?

— அண்ணன் என்ன சொல்றான்?

— உங்க ரெண்டு பேருக்கும் எது சரியோ செய்ங்கன்னாரு. சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.

— அது அவன் பிறவிக் குணம். நீங்க மனசாரத்தான் சொல்றீங்களா?

— மனசைக் கேட்டா காரியம் நடக்குமா? பஸ்ஸுக்கு நேரமாச்சு. துணியெல்லாம் எடுத்து வச்சுட்டேன், தலைகாணியும் வச்சிருக்கேன், வேற தலைகாணின்னா தூங்க மாட்டா. நீ அவளைக் கூட்டிட்டு இறங்கு. நான் அடுப்படியில இருக்கேன்.

— வெளிய வரமாட்டீங்களா?

— வேணாம்மா. அழுது வச்சேன்னா புள்ள பயந்துடும்.

— சரி, போங்க... குட்டி, இங்க வாடி. செருப்பு போட்டாச்சா?

— ம்.

— அத்தை வீட்டுக்குப் போலாமா? பெரிய மொட்டை மாடி இருக்கு. உன்கூடச் சண்டை போட என் வானரம் ரெண்டும் இருக்கு.

— ம்.

— லிப்ட்டைக் கையில வச்சிருக்க, யானையை ஏண்டி கட்டில்லயே போட்டுட்ட? எடுத்துக்கோ.

— வேணாம்.

— பிடிக்கலையா?

— பிடிக்கும்.

— பின்ன என்ன, காது பிஞ்சுடும்னு பயமா? உங்க அத்தை யாருன்னு நினைச்ச? மெஷின்ல வச்சு ஒரே ஓட்டு ஓட்டித் தரேன். நீ கிழவி ஆனாலும் கழண்டு வராது.

— அதான் வேணாம்.

— ஏண்டி செல்லம்?

— மெஷின்ல தைச்சா எனக்குப் பிரிக்க வராது அத்தை. பிரிக்கலைன்னா, என்ன சொல்லிட்டு நான் சித்தி பக்கத்துல போய் உக்கார்றது?