பிரகாசி கிழித்த சேலைத்துண்டு

இப்போது கோயில் கொடிமரம் நிற்கிற இடம் வரைக்கும் கடல் கிடந்த காலமாம் அது. நம்ம கரையில் பிரகாசி என்று ஒருத்தி இருந்தாளாம். புருஷன் பேர் லெயோன். அவர்களுக்கு இருந்ததே இரண்டு மீன்கூடு. குச்சியால் முடைந்த கூடு. கல்லைக் கட்டி, கடலடிப் பாறையான பாரில் இறக்கினால் மீன் உள்ளே போகும், வெளியே வராது. அந்த மீன்தான் பிள்ளைகளுக்குக் கஞ்சி.

கணவாய் மீனுக்கும் அந்தக் கூடு பிடிக்குமாம். மல்லிகை மொட்டு மாதிரி முட்டைகளைக் கொத்துக் கொத்தாக அதில் ஒட்டிவிட்டுப் போகுமாம். கூடு கரைக்கு வந்ததும் பெண்கள் சிப்பியால் சுரண்டிப் போடுவார்கள். வாசல் கூட்டுவது மாதிரி அது ஒரு வேலை. யாரும் பாவமென்று நினைத்ததில்லை. வர வரக் கணவாய் குறைந்தது. ஏன் என்றும் யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் பிரகாசி ஜெபம் சொல்லிக்கொண்டே சுரண்டினாளாம். ஒரு முட்டை கிழிந்து, அரிசி அளவுக் குஞ்சு ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. விழுந்ததும் ஒரு பொட்டு மை கக்கியது. பெரிய கணவாய் பகையைக் கண்டால் கக்குமே, அதே மை.

"என்னையப் பாத்துப் பயப்படுது," என்றாளாம். சிப்பியைக் கீழே வைத்துவிட்டாள்.

இந்த ஒரு கூட்டைத் திரும்ப இறக்குங்கள், எல்லாம் பொரிக்கிற வரைக்கும் தூக்காதீர்கள் என்றாள். லெயோனுக்குக் கோபம்.

"ஏளா, ஒத்தக் கூட்ட வச்சுப் பிள்ளைகளுக்கு என்னத்தப் போடுவ?"

"என் பங்குக் கஞ்சியக் குறைச்சுக்கிடுதேன். இறக்கிட்டு வாங்க."

சேலை ஓரத்தைக் கிழித்து, அடையாளத்துக்கு மிதவையில் கட்டிக் கொடுத்தாளாம். அவன் வள்ளத்தைத் தள்ளினான்.

கொழுந்தன் முறைக்காரன் அருளப்பன் விடுவானா? "மதினி, கணவாய்ப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் எப்போ? ஞானத்தகப்பனா என்னையப் போடு." கரையே சிரித்ததாம்.

அந்த மாசம் அவள் அடுப்பு பாதி நாள்தான் எரிந்தது. கூட்டைத் தூக்கினால் வெறும் முட்டைத்தோல். இதற்கா பிள்ளைகள் பசித்துக் கிடந்தன என்று லெயோன் கேட்டானாம். அவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் அந்தப் பாரில் கணவாய் வந்தது. லெயோன் தூண்டிலில் இல்லை, அருளப்பன் தூண்டிலில். முதல் கணவாயை அவன் விற்கவில்லை. பிரகாசி வாசலில் கொண்டுவந்து வைத்தானாம். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"ஞானப்பிள்ளை வந்திருக்கு மதினி. சேலையில ஒரு துண்டு தா. என் கூட்டுலயும் முட்டை இருக்கு."

இன்றைக்கும் பிரகாசி பாரில் மிதவையில் துணி தெரிந்தால் அந்தக் கூட்டை ஒருத்தரும் தூக்குவதில்லை. துணியை அந்தந்த வீட்டுப் பெண்தான் தான் உடுத்தின சேலையில் கிழித்து, பிரகாசிக்காக ஒரு அருள்நிறை ஜெபம் சொல்லிக் கொடுக்கவேண்டும். கடையில் வாங்கின துணி செல்லாது.