விடு, விடாதே

ஜூன் மாதத்தின் மூன்றாவது ஞாயிறு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள மைதானம்: தபால்காரர்கள் அணி 2, பட்டறை அணி 1. தோற்ற அணியின் கோல்கீப்பரும், அவருக்கு முன்னால் நின்று தடுத்தாடிய மச்சினனும் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

— நீங்கதான் மாமா 'விடு'ன்னு கத்துனீங்க.

— 'விடாதே'ன்னு கத்துனேன்டா மாப்ளே!

— எனக்கு 'விடு'ன்னுதான் கேட்டுச்சு. விட்டேன். கோல்.

— மீதி வார்த்தையை என்ன பண்ணுனே? தின்னுட்டியா?

— சிரிக்காதீங்க. கேப்டன் வர்றாரு பாருங்க...

— வரட்டும். தப்பு யாருதோ, அந்த ஆளு அடுத்த ஞாயிறு பெஞ்சுல. கடைசி மேட்ச்டா அது.

— உங்க தப்புன்னுதான் சொல்லுவேன்.

— சொல்லு. உங்க அக்கா உன்னை வாசப்படி ஏத்த மாட்டா.

— அக்கா எப்பவும் என் பக்கம்தான்.

— ...அது உண்மைதான்.

— மாமா... ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும்...

— சொல்லித் தொலை.

— இடது காது போயிடுச்சு. பட்டறையில கிரைண்டர் பக்கத்துலயே நின்னு நின்னு... 'வி'தான் கேட்டுச்சு. மீதியை நானே போட்டுக்கிட்டேன்.

— அதான் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறியா? திமிருன்னுல்ல நினைச்சேன்!

— உங்ககிட்ட மட்டும் அது திமிருதான்.

— சரி, விடு. கேப்டன்கிட்ட என் தப்புன்னே சொல்லிடுறேன்.

— இப்போ சொன்னது 'விடு'வா, 'விடாதே'யா?

— 'விடு'தான்டா!

— விட மாட்டேன். பந்து நேரா உங்க கைக்குத்தானே வந்துச்சு? பிடிக்காம, எதுக்கு என்கிட்ட கத்துனீங்க?

— வெயிலு... கண்ணு கூசிடுச்சு.

— காலையிலேர்ந்து மேகம் மாமா.

— பேசாம பூட்ஸைக் கழட்டு.

— முதல் கோலுக்கும் பந்து ஒரு பக்கம் போச்சு, நீங்க ஒரு பக்கம் பாய்ஞ்சீங்க.

— லேஸ் சிக்கிக்கிச்சு, முடிச்சே தெரியல. பையில கத்தி இருக்கும், எடு.

— மாமா, நீங்க ஓட்டுற ஸ்கூல் வேன்லதான் என் பொண்ணு போறா.

— தெரியும்.

— முன் சீட்டுல உக்கார்றா.

— தெரியும்டா.

— நாளைக்குத் திங்கக்கிழமை...

— நாளைக்குப் புது டிரைவர் வருவாரு. நான் வெள்ளிக்கிழமையே வேன் சாவியைக் கொடுத்துட்டேன். உங்க அக்காவுக்குத்தான் இன்னும் தெரியாது.