இரண்டு தடவை போட்ட உப்பு

டத்தோ கிராமாட் பஸ் நிறுத்தத்தில் பஸ் வந்தபாடில்லை. கடுப்பில் நின்றிருந்தேன். பக்கத்தில் இரண்டு ஆண்கள். பேச்சிலிருந்தே கோயில் அன்னதானத்துக்குச் சமைப்பவர்கள் என்று தெரிந்தது. மூத்தவர் கையில் மருத்துவமனை அட்டை இருந்தது.

"புரோஸ்டேட் கேன்சருக்கு ஊசி போட்டதிலேர்ந்து மண்டையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது தம்பி. போன வெள்ளிக்கிழமை சாம்பார்ல ரெண்டு தடவ உப்பு போட்டுட்டேன்."

"தெரியும் அண்ணே. நானும் சாப்பிட்டேன் லா."

"டாக்டரைக் கேட்டேன். ஆம்பள ஹார்மோனை அடக்குற ஊசியாம். சில பேருக்கு ஞாபகம் தடுமாறுமாம்."

"அப்ப தைப்பூசத்துக்குக் கரண்டிய என்கிட்ட குடுத்துருங்க."

"ஏன்டா, நான் செத்தா போயிட்டேன்? உப்பு போட்டதும் அண்டா காதுல ஒரு செவப்புத் துணி கட்டிருவேன். துணி இருந்தா யாரும் உப்பத் தொடக்கூடாது. நானும்தான்."

"எதுக்குத் துணின்னு எல்லாரும் கேப்பாங்களே. வெக்கமா இருக்காதா?"

"நேத்தே சொல்லிட்டேன். காய் வெட்டுற பொம்பளைங்க முன்னாடியே, என்ன நோய், என்ன ஊசின்னு எல்லாத்தையும் சொன்னேன். பசியோட வந்தவன் சோத்தைத் துப்பினா அதான் வெக்கம்."

என் அப்பா இதே நோயை எங்களிடம் மறைத்தே செத்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. இந்த மனுஷனைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பஸ் வந்தது. இளையவர் குரல் இறங்கியிருந்தது.

"நான் என்ன செய்யணும் அண்ணே?"

"பத்து அண்டாவுக்குத் துணி கொண்டாந்துரு. நான் மறந்துருவேன்."