இடது பக்கம் என்னோடது

டப்!

அந்தச் சத்தம்தாம்மா எல்லாத்துக்கும் காரணம். நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது மாடியில ஒரு டீச்சரம்மா குடியிருந்தாங்க. பவுடர் டப்பாவ மூடுவாங்க பாரு... டப்! உடனே செருப்புச் சத்தம் படியில இறங்கும். வெளியில சாப்பிடப் போறாங்கன்னு அர்த்தம். யாரோடயும் இல்ல, தனியா! கீழ உக்காந்து வாய்ப்பாடு எழுதிக்கிட்டிருந்த எனக்கு அன்னிக்கே உள்ள என்னமோ ஆயிடுச்சு. அந்தம்மா மட்டும் டப்பாவக் கொஞ்சம் மெதுவா மூடியிருந்தா, நான் இன்னிக்கு இப்படிப் பாதி மூஞ்சியோட உன் பக்கத்துல உக்காந்திருப்பேனா?

அட, நீ உக்காரும்மா. ஏன் நின்னுக்கிட்டே இருக்க? கண்ணாடி போட்ட சர்வர்தான உன்ன இங்க அனுப்பினாரு? வேற எங்கயும் இடம் இல்லன்னாரா? மத்தியானம்னா இங்க அப்படித்தான். எல்லா ஆபீசும் ஒரே நேரத்துல பசிச்சா என்ன பண்றது... உக்காரு. அந்த நாற்காலிக்கு ஆள் வரணும்தான். வந்தா பாத்துக்கலாம். பைய மடியில வச்சிக்க. கீழ வச்சா தொடைக்கிறவர் துடைப்பத்தாலயே தள்ளிக்கிட்டுப் போயிடுவாரு.

சூப் சொல்லு. காளான் சூப். வேற எதுவும் சொல்லாத, மத்ததெல்லாம் காலையில வச்சது.

என்ன பாக்குற? பாதி மூஞ்சின்னு சொன்னேனே, அதுவா? நீ பாக்குறது வெறும் பக்கம்மா. வலது பக்கம். அதுல ஒண்ணும் இல்ல, சோப்புப் போட்டுக் கழுவின மூஞ்சி. இந்தப் பக்கம் பாரு... இரு, முழுசா திரும்புறேன்... ம்? எப்படி? சிரிக்காத. சிரிச்சா சூப் மூக்குல ஏறும்.

எதிர்ல இருக்கே பெரிய கடை, அதுல கீழ்த் தளத்துலயே அலங்காரச் சாமான் கவுண்டர். அங்க ஒரு பொண்ணு, நாற்காலியில உக்கார வச்சு இனாமாப் போட்டுவிடும். ஆனா பாதி மூஞ்சிக்குத்தான்! அது அவங்க கடையோட வழக்கம். நெத்தியில ஆரம்பிச்சு மூக்கு நடுவுல கோடு கிழிச்ச மாதிரி இறங்கி, உதட்டுலகூடப் பாதியோட நிறுத்திடும். அப்புறம் கண்ணாடியக் கையில குடுத்து, “வித்தியாசம் பாருங்க மேடம்”னு சொல்லும். மிச்சப் பாதி வேணும்னா டப்பாவ வாங்கிக்கணும். வர்றவங்க எல்லாம் வெக்கப்பட்டு வாங்கிடுவாங்க, இல்லன்னா கைக்குட்டையால அழிச்சிட்டு ஓடிடுவாங்க. நாங்க ரெண்டு பேரும்தான் அப்படியே எந்திரிச்சு, நன்றி சொல்லிட்டு, நேரா இங்க சாப்பிட வந்தவங்க.

ரெண்டு பேருன்னா... நானும் சின்னவளும். என் கொழுந்தனாரோட பொண்டாட்டி. ஒரே வீடு, ஒரே அடுப்பு. எங்களுக்குள்ள ஒத்து வந்ததே இந்த ஒண்ணுதான். உப்புல ஒத்து வராது, ஜன்னலத் திறக்கிறதுல ஒத்து வராது, ஈரத்துணிய உதறிக் காயப்போடணுமா உதறாமக் காயப்போடணுமாங்கிறதுல ஒரு வாரம் பேசாம இருந்திருக்கோம். ஆனா வியாழக்கிழமை வந்தா “அக்கா, பல் டாக்டர்”னு கண்ணக் காட்டுவா. வீட்டுல பல் டாக்டர்ன்னுதான் சொல்லிட்டுக் கிளம்புவோம். இத்தன வருஷமா வாரா வாரம் பல்லு காட்டுற குடும்பம் உலகத்துலயே எங்க குடும்பம்தான். யாராவது ஒருத்தர் “இன்னும் எத்தன பல்லுடி பாக்கி?”ன்னு கேக்கணுமே? கேக்கல.

டப்பா வாங்கலாம்ல, அப்படித்தான கேக்குற? வாங்கலாம். வாங்கினா அது வீட்டுக்கு வரும். வீட்டுக்கு வந்தா அது எல்லாருக்கும் சொந்தம். என் வீட்டுக்காரர் என் சீப்பாலதான் அவர் செருப்பச் சுத்தம் பண்ணுவாரு, தெரியுமா? அதனால எங்களுக்கு இது போதும்னு இருந்தோம். நான் இடது பக்கம். அவ வலது பக்கம். சண்டை போட்டுத்தான் பிரிச்சோம். இடது பக்கம் எனக்கு ஒரு மச்சம் இருக்கு, பாத்தியா? அது அந்த ரோஸ் பவுடருக்குள்ள அழகா உக்காரும். அதனால இடது பக்கம் என்னோடது.

இப்ப இந்த மேசையப் பாரு. ஏன் இந்த மேசைங்கிற? எதிர்ல சுவரு. ரெண்டு நாற்காலியும் ஒரே பக்கம். நேரா நம்மள யாரும் பாக்க முடியாது, அந்தத் தீயணைக்கிற சிவப்பு உருளையத் தவிர. நான் இங்க, அவ அங்க, நீ உக்காந்திருக்கியே அதுல. இந்தப் பக்கத்துல இருந்து பாக்குறவங்களுக்கு என் இடது கன்னம். அந்தப் பக்கத்துல இருந்து பாக்குறவங்களுக்கு அவ வலது கன்னம். எந்தப் பக்கம் வந்தாலும் ஒரு மகாராணி சூப் குடிச்சிக்கிட்டிருப்பா! வெளிப்பக்கம் பூராவும் அலங்காரம். உள்பக்கம்... உள்பக்கம் நாங்க.

குடிம்மா, ஆறுது. அப்படி இல்ல, ஸ்பூன ஓரமாப் பிடி. நாங்க எல்லாம் வெறும் பக்கத்து உதட்டாலதான் குடிப்போம். சாயம் போகக் கூடாதே. பழகினா வந்துடும். வீட்டுலயும் அப்படியே குடிக்க ஆரம்பிச்சு, எனக்குப் பக்கவாதம்னு என் வீட்டுக்காரர் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாரு. நிஜ டாக்டர்!

ரோட்டுல நடக்குறதுதான் கஷ்டம். நான் இடது கைப்பக்கம், அவ வலது கைப்பக்கம், ஒட்டிக்கிட்டு நடக்கணும். சரி, எதையாவது மறந்துட்டு வந்து, திரும்பிப் போகணும்னா? யோசிச்சுப் பாரு. ரெண்டு பேரும் அவங்கவங்க இடத்துலயே திரும்பினா என்ன ஆகும்? போச்சு! போட்ட பக்கம் ரெண்டும் உள்ள போயிடும், வெறும் பக்கம் ரெண்டும் ஊருக்குத் தெரியும். அதனால கதவு மாதிரி சேந்து திரும்பணும். நான் நடுவுல அச்சாணியா நிப்பேன், அவ ஓடி வட்டம் அடிப்பா. ஒரு தடவ அவ குடைய இங்க விட்டுட்டு வந்துட்டா. பாதி ரோடு தாண்டினப்புறம் ஞாபகம் வந்து, பதட்டத்துல ரெண்டு பேரும் தனித்தனியாத் திரும்பிட்டோம். பாக்குறேன்... எதிர்ல யாரோ ஒரு பொம்பள. நீலக் கண்ணு, செவந்த கன்னம். அட, இவளா! அன்னிக்குத்தான் அவ போட்ட பக்கத்த மத்தவங்க பாக்குற மாதிரி நான் முதல் தடவையாப் பாக்குறேன். அவளும் என்னைய அப்படி அப்பத்தான் பாத்தா. “யாருக்கா நீங்க?”ங்கிறா! நடு ரோட்டுல நின்னு சிரிச்சோம் பாரு, ஒரு பஸ்ஸே எங்களுக்காக நின்னுச்சு. டிரைவர் திட்டினாரு. அவர் பாத்தது வெறும் பக்கம், அதான் திட்டினாரு.

வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி சந்து முனையில ஈரக் கைக்குட்டையால அழிச்சிடுவோம். நான் அவளுக்கு, அவ எனக்கு. அவ அழுத்தித் தேய்ப்பா, பாத்திரம் வெளக்குற மாதிரி.

ம்... என்ன கேட்ட? அவ ஏன் வரலையா? அப்படிக் கேளு. அதச் சொல்லத்தான நான் வாய் வலிக்கப் பேசிக்கிட்டிருக்கேன். அவ்வளவு அநியாயம்மா அவ பண்ணினது! நீ சொல்லு. நீ படிச்ச பொண்ணு, கழுத்துல அட்டை எல்லாம் மாட்டியிருக்க, நீயே நியாயம் சொல்லு.

அந்தப் பெரிய கடைக்குள்ளயே எதிர்ப்பக்கம் இன்னொரு கவுண்டர் புதுசாத் திறந்தாங்க. வேற கம்பெனி. அங்கயும் பாதிதான், எந்தப் பாதின்னு அங்கயும் நாமளே சொல்லலாம். அன்னிக்கு வியாழக்கிழமை. சின்னவ அவ தையல்காரி வீட்டுக்குப் போயிட்டு நேரா வர்றேன்னுட்டா. நான் மட்டும் முதல்ல போயி என் இடது பக்கத்தப் போட்டுக்கிட்டேன். வெளிய வர வேண்டியதுதான? வந்தேன். வாசல் வரைக்கும் வந்துட்டேம்மா, சத்தியமா. கண்ணாடிக் கதவுல என் மூஞ்சி தெரிஞ்சது. ஒரு பக்கம் விடிஞ்சிருக்கு, ஒரு பக்கம் விடியல. எத்தன வருஷமா இப்படியே பாத்திருக்கேன்... ஒரே ஒரு தடவ முழுசா இருந்தா எப்படி இருப்பேன்னு தெரிஞ்சிக்கக் கூடாதா? திரும்பி உள்ள போனேன். எதிர்க் கவுண்டர்ல உக்காந்தேன். “வலது பக்கம்மா”ன்னேன்.

சொல்லிட்டு வாசலத் திரும்பிப் பாத்துக்கிட்டேன். ஏன்னு கேக்காத.

சரி, போட்டுவிட்டுச்சு. ஆனா வேற கம்பெனியா, நிறம் ஒத்துப்போகல. இடது பக்கம் ரோஜா, வலது பக்கம் செங்கல். ஒரு புருவம் இங்க இருக்கு, இன்னொண்ணு நெத்தியில நடுவுல நிக்குது. ஒரு பக்கம் சந்தோஷமா இருக்கேன், இன்னொரு பக்கம் எதையோ பாத்து ஆச்சரியப்படுறேன். அதனால என்ன? முழு மூஞ்சி! ரோட்ட தனியாத் தாண்டினேன், இஷ்டத்துக்குத் திரும்பினேன், ரெண்டு பக்கமும் பாத்துப் பாத்து நடந்தேன். இங்க வந்து உக்காந்தேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர் திரும்பிப் பாக்கணுமே! கண்ணாடிக்காரர் வழக்கம் போல தண்ணி வச்சிட்டுப் போனாரு. அவ்வளவுதான்.

அப்புறம் அவ வந்தா. வலது பக்கம் போட்டுக்கிட்டு, மூச்சு வாங்கிக்கிட்டு, தையல்காரி பண்ணின அக்கிரமத்தச் சொல்லிக்கிட்டே வந்து, நீ இருக்கியே அதுல உக்காந்தா. என் பக்கம் திரும்பினா.

நான் ஏதாவது சொல்லுவான்னு பாத்தேன். நல்லா இருக்குன்னு சொல்லலாம். இல்ல, செங்கல் மாதிரி இருக்குன்னாவது சொல்லலாம். ஸ்பூன எடுத்தா, கீழ வச்சா. “அக்கா, இனிமே நான் யாரப் பாத்துச் சாப்பிடுறது?”ன்னா.

என்னம்மா கேள்வி இது? என்னப் பாத்துத்தான் சாப்பிடணும். இல்லன்னா சூப்பப் பாத்துச் சாப்பிடு. இல்லன்னா அந்தச் சிவப்பு உருளையப் பாத்துச் சாப்பிடு. மூஞ்சி என்னோடது! வலது பக்கம் அவளுக்கு எழுதியா குடுத்திருக்கேன்? அதத்தான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டேன் போல, ரெண்டு மேசை திரும்பிப் பாத்துச்சு. அப்பத்தான் பாத்தாங்க என்னைய, அதுக்கு முன்னாடி பாக்கல. அவ குடிக்காமலே எந்திரிச்சுப் போயிட்டா. சந்து முனையில அவளே துடைச்சிக்கிட்டு நிக்கிறா. நான் கைக்குட்டையோட கிட்டப் போனா, “வேணாம்க்கா, எனக்குக் கை இருக்கு”ங்கிறா. அன்னிக்கு ராத்திரி எனக்கு வலது கன்னம் பூராவும் தடிச்சிப்போச்சு, அந்தச் செங்கல் பவுடர் ஒத்துக்கல. ஒரு வார்த்த கேட்டாளா? ஒரே சமையக்கட்டு, ஒரே அடுப்பு... உப்பப் பத்திக்கூடச் சண்டை போட மாட்டேங்கிறாம்மா! நான் வேணும்னே ரெண்டு மடங்கு போட்டேன். பேசாமச் சாப்பிட்டுட்டுப் போறா.

அதுக்கப்புறம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நான் இடது பக்கம் மட்டும் போட்டுக்கிட்டு வந்து உக்காந்துடறேன். வலது பக்கத்தத் தொடறதே இல்ல. நல்லாக் கழுவி வச்சிருக்கேன். அவ வந்து பாத்தா தெரியட்டுமேன்னுதான்.

இரும்மா, ஏன் அவசரப்படுற? ஐஸ்கிரீம் சொல்லட்டா? ஆபீஸ்ல தேடுவாங்களா? அஞ்சு நிமிஷம் தேடினா ஒண்ணும் கெட்டுப்போகாது. நீ எந்திரிச்சிட்டா இந்தப் பக்கம் தெரியுமேம்மா... சரி, சரி, போ. அடுத்த வாரம் வருவியா? இதே நாற்காலி. நான் சொல்லி வைக்கிறேன்.

என்ன? அவங்க வந்துட்டா என்ன பண்றதா?

வரமாட்டாம்மா. நான்தான் வருவா வருவான்னு சொல்லிக்கிட்டிருக்கேன். என் மாமியாருக்கு எண்பது வயசு. வெத்தலப் பெட்டிய எடுக்கவே ஆள் கூப்பிடுவாங்க. போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்களுக்குக் கண்ணுக்கு மருந்து விடப் போனேன். இடது காது மடலுக்குப் பின்னாடி ரோஸ் பவுடர். இடது இமையில நீலம். என் பக்கம்மா அது! “எங்க அத்தை போயிருந்தீங்க?”ன்னேன். “பல் டாக்டர்ட்ட”ன்னாங்க. வாயில ஒரு பல்லுகூட இல்ல அவங்களுக்கு. “இத்தன வருஷமா உங்களுக்குத் தெரியுமா?”ன்னு கேட்டா, “தெரியாம என்ன, ஒரு கன்னம் மட்டும் தேய்ஞ்சுபோயி வருவீங்களே ரெண்டு பேரும்”ங்கிறாங்க. “அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?”ன்னேன். “நீ என்னக் கூப்பிட்டியா? அவ கூப்பிட்டா”ன்னாங்க.

சின்னவ இப்ப வெள்ளிக்கிழமையில வர்றா. மாமியார் இடது பக்கம் உக்காருறாங்க. போன வாரம் ரெண்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டாங்கன்னு கண்ணாடிக்காரர் சொன்னாரு.